மாடிக்கு பிளான் எங்கே? வீடு விற்கும்போது அனுமதிக் காகிதம் இடித்தால் சரிசெய்யும் வழி

தருமபுரியில் அப்பா கட்டிய வீட்டை விற்க நானும் அண்ணனும் ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸும் வாங்கிவிட்டோம். பத்து நாள் கழித்து வாங்குபவரின் வழக்கறிஞரிடமிருந்து போன் வந்தது. “சார், பிளான்ல கீழ் வீடு மட்டும்தான் இருக்கு. மாடிக்கு பிளான் எங்க?” என்றார். அப்பா 1994இல் கீழ்த்தளத்துக்கு முறையாக அனுமதி வாங்கிக் கட்டியவர். அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால், 2006இல், மேஸ்திரியைக் கூப்பிட்டு மாடியில் ஆறு சதுரம் (600 சதுர அடி) எழுப்பினார். அதற்குத் துண்டுக் காகிதம்கூட இல்லை என்பது அந்த போன் வரும் வரை எங்களுக்குத் தெரியாது. வீட்டு வரியை மாடிக்கும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருந்தோம். அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைத்துவிட்டோம். அந்தப் பேரம் முறிந்தது. அடுத்த பேரம் பத்திரமாக முடிய ஒன்பது மாதம் ஆயிற்று.

அதற்குப் பிறகு காவேரிப்பட்டணத்தில் சித்தப்பா வீடு, பாலக்கோட்டில் ஒரு நண்பரின் வீடு, ஓசூரில் தெரிந்த அக்கா வீடு என்று சிலருடைய காகிதங்களை உடன் இருந்து பார்த்தேன். அடிப்படைக் கோளாறு எல்லா இடத்திலும் ஒன்றுதான்: கட்டியது ஒன்று, அனுமதி வாங்கியது வேறு. ஆனால் அது வெளியே தெரியும் விதம் வீட்டுக்கு வீடு மாறுகிறது. அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும், முதலில் வீட்டை அளந்துவிடுங்கள்

விற்பனைப் பேச்சு தொடங்கும் முன்பே, அட்வான்ஸ் வாங்கும் முன்பே, இதைச் செய்ய வேண்டும். ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள். பட்டாவில் உள்ள மனை அளவு. அனுமதி பிளானில் உள்ள கட்டிடப் பரப்பு. வீட்டு வரிப் பதிவில் உள்ள கட்டிடப் பரப்பு. டேப் பிடித்து நீங்களே அளந்த பரப்பு. நான்கும் நான்கு அலகில் இருக்கும், அங்கேதான் பாதிக் குழப்பம். மேஸ்திரி சொல்கிற ஒரு சதுரம் நூறு சதுர அடி. பிளானில் சதுர மீட்டர் இருந்தால் 10.764ஆல் பெருக்கினால் சதுர அடி வரும். மனை சென்ட்டில் இருந்தால் ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றி வரிசையாக எழுதினால், எந்த இடத்தில் ஓட்டை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் பிளான் 850, வரிப் பதிவு 1,450, டேப் 1,510. அந்தக் கடைசி 60 சதுர அடி, பின்பக்கம் போட்ட குளியலறை. அதை நாங்கள் ஒரு கட்டிடமாகவே நினைத்ததில்லை!

அப்புறம், அனுமதி இல்லாத பகுதி எந்த ஆண்டு கட்டியது என்பதற்கு ஆதாரம் தேடுங்கள். இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று பின்னால் புரியும். மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்கியிருந்தால் அந்த இணைப்பு தந்த தேதி ஒரு சாட்சி. வரியை உயர்த்திக் கொடுத்த ஆணை இன்னொரு சாட்சி. கூகுள் எர்த் மென்பொருளில் பழைய ஆண்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால், தெளிவான படம் இருக்கும் இடங்களில், எந்த ஆண்டுக்குள் கூரை பெரிதானது என்று தெரியும். கம்பி, சிமெண்ட் வாங்கிய பழைய ரசீது கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். மாடி கட்டிய செலவை மூலதன ஆதாய வரிக் கணக்கில் காட்டவும் அது உதவும்.

அறிகுறி: “பிளானில் கீழ்த்தளம் மட்டும்தான் இருக்கிறது”

நம் பக்கத்தில் அதிகம் வருவது இதுதான். கீழ்த்தளத்துக்கு அனுமதி வாங்கி, வங்கிக் கடனும் வாங்கி, சட்டப்படி கட்டியவர்கள் பத்து வருடம் கழித்து மாடி எழுப்பும்போது அலுவலகப் பக்கமே போவதில்லை. “நம்ம வீட்டு மேலதானே கட்டறோம்” என்ற எண்ணம். ஆனால் சட்டத்தின் கண்ணில் மாடி எழுப்புவது புதிய கட்டுமானம்தான். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளும் புது வீட்டையும் கூடுதல் கட்டிடத்தையும் ஒரே கண்ணோடுதான் பார்க்கின்றன. சுவர் பூசுவது, தரை மாற்றுவது, வெள்ளையடிப்பது போன்ற பராமரிப்புக்குத்தான் விலக்கு.

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டாவது அனுமதி உண்மையிலேயே இல்லையா என்பதை. சில வீடுகளில் அப்பாவோ மாமாவோ விண்ணப்பித்து வாங்கியிருப்பார்கள், பீரோவில் வேறு ஃபைலில் கிடக்கும். பாலக்கோட்டு நண்பரின் வீட்டில் அது கிரையப் பத்திரத்தோடு இல்லாமல் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் இருந்தது.

உண்மையிலேயே இல்லை என்றால் அடுத்த கேள்வி: இன்றைக்கு விண்ணப்பித்தால் இந்த மாடிக்கு அனுமதி கிடைத்திருக்குமா? உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, கட்டியிருப்பது கட்டியிருக்கிறபடியே வரைபடம் போடச் சொல்லுங்கள். 2019 விதிகளின்படி சாதாரண உயரமுள்ள வீட்டுக்குத் தளப் பரப்பு மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம். 1,200 சதுர அடி மனையில் 2,400 சதுர அடி வரை. அதனால் ஒரு மாடி எழுப்பிய வீடு பரப்பளவில் தோற்பது அரிது. தோற்பது செட்பேக்கில்தான். முன்னும் பக்கத்திலும் விட வேண்டிய காலி இடத்தை மாடி பால்கனியும் படிக்கட்டும் தின்றிருக்கும். பொறியாளரிடம் மாடியைப் பற்றி மட்டும் கேட்காமல், மனை எல்லையிலிருந்து நான்கு பக்கமும் எத்தனை அடி விட்டிருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

விதிக்குள் இருந்தால், கட்டிடத்தைத் தக்கவைத்துக்கொள்ள அனுமதி கேட்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56ஆவது பிரிவு அனுமதியில்லாக் கட்டிடத்தின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. அதே பிரிவு, 49ஆவது பிரிவின்கீழ் விண்ணப்பித்துத் தக்கவைக்க அனுமதி கேட்கவும் இடம் தருகிறது. நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் நகரமைப்புப் பிரிவைப் பார்க்கும் ஆய்வாளரிடம் வரைபடத்தோடு போய் நேராகப் பேசுங்கள். ‘போனால் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள்’ என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் வாங்குபவரின் வழக்கறிஞர் வழியாக விஷயம் வெளியே வருவதைவிட, நாமே வரைபடத்தோடு போய் நிற்பது எவ்வளவோ மேல்.

இங்கே ஆண்டு முக்கியமாகிறது. 2007 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்பு கட்டி முடித்த விதிமீறல் கட்டிடங்களை வரன்முறைப்படுத்த (பின்னால் ஒப்புதல் தந்து முறையாக்க) 113-சி என்ற பிரிவின்கீழ் 2017இல் விதிகள் வந்தன. அப்பா 2006இல் எழுப்பிய எங்கள் மாடி அந்தத் தேதிக்குள் வரும். ஆனால் நாங்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே விற்கும்போதுதான். உங்கள் வீட்டில் யாராவது அப்போது விண்ணப்பித்திருந்தால், ஆணை, கட்டணச் சீட்டு, விண்ணப்பப் பிரதி எது கிடைத்தாலும் தூக்கி எறியாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ ஒரு மாடியோ கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அது இனிமேல் கட்டப்போகிற வீட்டுக்கு. “ஏற்கெனவே இருக்கிற மாடியை இதுல போட்டு ஒரே நாள்ல அப்ரூவல் எடுத்துடலாம் தம்பி” என்று எங்களிடமே ஒருவர் சொன்னார். காலி மொட்டைமாடி என்று கையெழுத்திட்டு, 2006இல் கட்டிய சுவருக்கு இப்போது தேதி போட்ட அனுமதி வாங்குவது பொய்ச் சான்று. வரிப் பதிவும் மின் இணைப்பும் பழைய தேதியைக் காட்டிக்கொண்டே இருக்கும். வாங்குபவர் தலையில் அந்தப் பொய்யைக் கட்டிவிட்டுப் போக வேண்டாம்.

அனுமதி கிடைக்கவே வழியில்லை என்றால்? இருப்பதை இருப்பதாகச் சொல்லி விற்கலாம். நாங்கள் கடைசியில் அப்படித்தான் விற்றோம். கிரையப் பத்திரத்தில் கீழ்த்தளம் இன்ன அனுமதி எண்ணின்படி கட்டியது, முதல் தளம் 2006இல் தனி அனுமதி பெறாமல் கட்டியது, இதை வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார் என்று எழுதினோம். விலையைக் கொஞ்சம் குறைத்தோம். “இதனால் பின்னால் நஷ்டம் வந்தால் விற்றவரே பொறுப்பு” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். எதற்குப் பொறுப்பு, எத்தனை வருடம், எவ்வளவு தொகை வரை என்று வரையறுக்காமல் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த வரி வாங்குபவருக்கு ஆறுதல் தரும், ஆனால் மாடியைச் சட்டப்படியானதாக மாற்றாது. இதை இரு தரப்பும் புரிந்துகொள்ள வேண்டும்.

அறிகுறி: பிளான் என்று ஒன்றுமே கையில் இல்லை

இல்லாதது வேறு, தொலைந்தது வேறு. தொலைந்ததைத் தேட நான்கு இடம் இருக்கிறது.

முதல் இடம் பழைய கடன். வீடு கட்டக் கடன் வாங்கியிருந்தால் பிளான் நகல் அந்த வங்கியிலோ கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்திலோ கண்டிப்பாகக் கொடுத்திருப்பார்கள். கடன் முடிந்து பத்திரம் திரும்பியபோது பிளானைக் கேட்டு வாங்க மறந்திருக்கலாம். காவேரிப்பட்டணத்துச் சித்தப்பாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. இரண்டாவது, அன்றைக்கு வரைபடம் போட்ட பொறியாளர். இவர்களில் சிலர் இன்னமும் டிரேசிங் தாளைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, உள்ளாட்சி அலுவலகப் பதிவேடு. அனுமதி எண்ணும் ஆண்டும் தெரிந்தால் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். வாயால் கேட்டு “பழைய ஃபைல் எல்லாம் கிடைக்காதுங்க” என்ற பதிலோடு திரும்பாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘இல்லை’ என்று எழுத்தில் வந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. நீங்கள் மறைக்கவில்லை, தேடியிருக்கிறீர்கள் என்பதற்கு அது சான்று. நான்காவது, உங்களுக்கு விற்றவர். நீங்கள் கட்டிய வீடாக இல்லாமல் வாங்கிய வீடாக இருந்தால் அவரிடம் நிச்சயம் கேளுங்கள்.

தேடும்போது தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9இல். அதற்கு முன்பு போட்ட பத்திரம், கடிதம் எல்லாவற்றிலும் ‘தருமபுரி மாவட்டம்’ என்றுதான் இருக்கும். தருமபுரியே 1965 அக்டோபர் 2இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. தாத்தா காலத்துப் பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்று இருந்தால் அது பிழையல்ல. அதேபோல் ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. எல்லை விரிந்தபோது உள்ளே வந்த ஊராட்சி வீடுகளுக்கு அனுமதி கொடுத்தது பழைய ஊராட்சி. ஃபைல் யாரிடம் என்று கேட்கும் முன், வீடு கட்டிய ஆண்டில் அந்த இடம் எந்த உள்ளாட்சியில் இருந்தது என்று பாருங்கள். பெங்களூரிலோ சென்னையிலோ உட்கார்ந்து காகிதம் பார்க்கும் வழக்கறிஞருக்கு இது தெரியாது. நீங்களே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரு சுற்று கேள்வி குறையும்.

ஊராட்சிப் பகுதியில் தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் போட்ட ஒரு வரைபடம் இருக்கலாம். அதை உதற வேண்டாம். 1997ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டிட விதிகளின்படி வீடு கட்ட அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சிக்கு இருந்தது. தீர்மான எண்ணும் தேதியும் கட்டணம் செலுத்திய ரசீதும் அதோடு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் முத்திரை மட்டும் இருந்தால் வங்கி வழக்கறிஞர் ஏற்பது கஷ்டம்.

அறிகுறி: “டிடிசிபி அப்ரூவ்டுதானே, அப்புறம் என்ன?”

இது விற்பவர் பக்கத்தில் வரும் அறிகுறி. இலக்கியம்பட்டிப் பக்கமும் கட்டிகானப்பள்ளிப் பக்கமும் மனை வாங்கிக் கட்டியவர்கள் நிறையப் பேர் இதில் மாட்டுகிறார்கள். நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி) அனுமதித்தது மனைப்பிரிவை (லேஅவுட்டை). அதன்மேல் நீங்கள் கட்டிய வீட்டுக்கு அது அனுமதி ஆகாது. இரண்டும் இரண்டு காகிதம்.

தலைகீழாகவும் நடக்கும். வீட்டுக்கு பிளான் இருக்கும், மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்காது. 2016 செப்டம்பர் 9இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது நினைவிருக்கும். அதன்பின் 2017இல் வந்த மனை வரன்முறைத் திட்டத்துக்கு 2016 அக்டோபர் 20 எல்லைத் தேதி. உங்கள் மனை அந்தத் தேதிக்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவானதா, வரன்முறை ஆணை வாங்கியதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மனைக் கோளாறு தீராமல் மாடிக் கோளாறைத் தீர்க்கப் பணம் செலவழிப்பது வீண்.

நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) வீடுகளுக்கு மனைப்பிரிவு அனுமதி என்ற பேச்சே இல்லை. நத்தம் பட்டாவும், தலைமுறையாக இருந்ததற்கான வரி ரசீதும் போதும். ஆனால் பழைய ஓட்டு வீட்டை இடித்து அங்கே காங்கிரீட் மாடி கட்டியிருந்தால் கட்டிட அனுமதிக் கேள்வி திரும்ப வரும்.

அறிகுறி: வங்கி மதிப்பீடு பாதியில் நிற்கிறது

வாங்குபவருக்குக் கடன் கிடைக்கும் என்று சொன்ன வங்கி, பொறியாளர் வந்து பார்த்த பிறகு தொகையைக் குறைக்கிறது. வாங்குபவர் தயங்கித் தயங்கி உங்களிடம் விலை குறைக்கச் சொல்கிறார். காரணம் என்னவென்று வெளிப்படையாகச் சொல்லவே மாட்டார்கள். மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். அனுமதி இல்லாத பரப்பை மதிப்பில் சேர்க்கவில்லை என்று அதில் இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீடு 48 லட்சம் என்று பேசியிருக்கிறீர்கள். அதில் மாடிக்கு 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியை விட்டுவிட்டால் வங்கிக் கணக்கில் 36 லட்சம். ரிசர்வ் வங்கி வரம்புப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 30க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். ஆக 36 லட்சம் மதிப்புக்குக் கடன் 30 லட்சத்தோடு நின்றுவிடும். முழு 48 லட்சத்துக்கு 38 லட்சத்துக்கு மேல் கிடைத்திருக்கும். எட்டு லட்சம் துண்டு விழுகிறது. அந்தப் பணத்தை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும், அல்லது நீங்கள் விலையில் விட வேண்டும். இதை முன்கூட்டியே இருவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருந்தால் பேரம் முறியாது. எங்கள் முதல் பேரம் உண்மையில் இந்த எட்டு லட்சத்தில்தான் முறிந்தது, மாடியில் அல்ல.

இன்னும் கெடுபிடியாகவே போகும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் 17இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், அனுமதியில்லாக் கட்டுமானத்துக்குக் காலம் கடந்ததோ, அதிகாரிகள் சும்மா இருந்ததோ, செலவழித்த பணமோ நியாயம் ஆகாது என்று சொன்னது. கட்டி முடித்த சான்றைப் பார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்றும் அதில் அறிவுறுத்தியது. வங்கி மேலாளர் பிடிவாதம் பிடித்தால் அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

அறிகுறி: பத்திரப் பதிவு அலுவலகத்தில் நிற்கிறது

கட்டிடத்துக்கு அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்தால் பத்திரம் பொதுவாக நிற்பதில்லை. நிற்பது, எழுதியதும் இருப்பதும் பொருந்தாததால். 2023 அக்டோபர் முதல் சொத்தின் புகைப்படத்தைப் புவி ஆயங்களோடு (அட்சரேகை, தீர்க்கரேகை) ஆவணத்தில் இணைக்க வேண்டும். பத்திரத்தில் கீழ்த்தளம் மட்டும் எழுதி, போட்டோவில் மாடி தெரிந்தால் என்ன ஆகும்? கள ஆய்வுக்கு வருவார்கள், பத்திரம் கைக்கு வராமல் இருக்கும், குறைவு முத்திரைத் தீர்வைக்குக் கேள்வி வரும்.

மாடியை எழுதாமல் விட்டால் பணம் மிச்சம் என்று சில பத்திர எழுத்தர்களே யோசனை சொல்வார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 12 லட்சம் மாடிக்கு 1 லட்சத்து 8 ஆயிரம். அதை மிச்சம் பிடிக்க, வாங்குபவர் தன் பத்திரத்தில் மாடியே இல்லாத வீட்டை வாங்குகிறார். நாளைக்கு அவர் விற்கும்போது நாங்கள் பட்ட பாட்டை இரண்டு மடங்காகப் படுவார். நீங்கள் வாங்குபவராக இருந்தால் இதற்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பதிவாகிவிட்டதால் கட்டிடம் அங்கீகாரம் பெற்றுவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். சார் பதிவாளர் பார்ப்பது ஆவணத்தையும் மதிப்பையும். கட்டிட அனுமதி வேறு அலுவலகத்தின் வேலை. வீட்டு வரிக்கும் இதே கதைதான். வரி வாங்குவது கட்டிடம் இருப்பதால், அனுமதி இருப்பதால் அல்ல.

அறிகுறி: போர்டிகோ, படிக்கட்டு, பின்பக்கக் குளியலறையில் மட்டும் சிக்கல்

இது சின்னக் கோளாறு, ஆனால் பெரிய சண்டையாகும். மேல் ஷீட், வெளிப் படிக்கட்டு, சாக்கடை மேல் நீட்டிய ஸ்லாப் இவையெல்லாம் கட்டும்போது எட்டாயிரம் பத்தாயிரத்தில் முடிந்தவை. விதியை மீறிய துண்டு சிறிதாக இருந்தால் இடித்துவிடுவதுதான் மலிவு. நாங்கள் அந்த 60 சதுர அடிக் குளியலறையை இரண்டு நாளில் இடித்தோம். பின்பக்கம் காற்று வந்தது. அதைப் பற்றிய கேள்வி அதோடு முடிந்தது.

பக்கத்து வீட்டுச் சுவர் மேல் நம் உத்தரம் உட்கார்ந்திருந்தால் மட்டும் அவசரப்பட்டு இடிக்காதீர்கள். பொறியாளர் பார்க்கட்டும். அந்த வீட்டுக்காரரிடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனைக்கு வந்த வீடு என்று தெரிந்தால் பழைய மனத்தாங்கல் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அறிகுறி: நீட்டிய பகுதி புறம்போக்கில் நிற்கிறது

புலப்பட வரைபடத்தை (சர்வே அளவுப் படத்தை) எடுத்து அளந்து பார்த்தால் பின்சுவர் ஓடைக்குள் இரண்டு அடி போயிருக்கிறது, அல்லது முன் கடை பாதைக்குள் வந்திருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. எந்த வரன்முறைத் திட்டமும் அரசு நிலத்தில் நிற்கும் சுவரைக் காப்பாற்றாது. அந்தப் பகுதியை இடித்து, மிச்சத்தை அளந்து, மிச்சத்தை மட்டும் விற்க வேண்டும். “முப்பது வருஷமா இருக்கு, யாரும் கேக்கல” என்று வாங்குபவரிடம் சொல்லாதீர்கள்.

அறிகுறி: நோட்டீஸ் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது

தேதியைப் பாருங்கள், அதில் தந்த கெடுவைப் பாருங்கள், அன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள். தக்கவைக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் வாய்ப்பு அந்தக் கெடுவுக்குள்தான். நோட்டீஸை மறைத்து விற்பது மோசடி வழக்கு வரை போகும். விற்பனையை நிறுத்தி வையுங்கள்.

அறிகுறி: ஓசூர் வீட்டுக்கு “ஓசி எங்கே?” என்று கேட்கிறார்கள்

பெங்களூரிலிருந்து வாங்க வருபவர்கள் அங்கே பழகிய காகிதங்களை இங்கே கேட்கிறார்கள். கட்டா கேட்பார்கள், வீட்டில் குடியேறலாம் என்ற சான்று (ஓசி) கேட்பார்கள். கட்டா என்பது கர்நாடகத்துக் காகிதம். இங்கே அந்த இடத்தில் பட்டாவும் வரிப் பெயர் மாற்றமும் வரும். ஓசியின் இடத்தில் இங்கே வருவது கட்டி முடித்த சான்று, அது சிறிய வீடுகளுக்குக் கட்டாயம் இல்லை. 2019 விதிகளில் 750 சதுர மீட்டருக்கு மிகாத, மூன்று வீடு வரையிலான குடியிருப்புக்கு விலக்கு இருந்தது. பின்னர் அது எட்டு வீடு வரை உயர்ந்தது. ஓசூர் அக்காவின் வீட்டுக்கு இதே கேள்வி வந்தபோது, அந்த விதியின் தமிழ் அரசாணைப் பக்கத்தை அச்செடுத்து, தன் அனுமதி பிளானோடு சேர்த்துக் கொடுத்தார். விலக்கு கட்டி முடித்த சான்றுக்குத்தான், கட்டிட அனுமதிக்கு அல்ல என்பதையும் அவரே சொல்லிவிட்டார். வாங்குபவரின் வழக்கறிஞர் அடுத்த கேள்விக்குப் போனார்.

எங்கள் வீட்டைக் கடைசியில் வாங்கியவர் பென்னாகரம் சாலைப் பக்கம் கடை வைத்திருப்பவர். பத்திரம் முடிந்த அன்று நாங்கள் அவரிடம் கொடுத்த ஃபைலில் இருந்தவை: 1994 பிளானும் அதன் அனுமதிக் கடிதமும், மாடியைக் கட்டியிருக்கிறபடியே வரைந்த வரைபடம், மாடி மின் இணைப்பின் முதல் ரசீது, தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில் கடிதம், இருபது வருட வரி ரசீது, குளியலறையை இடித்த பிறகு எடுத்த பின்பக்கப் படம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, மேல் மாடியில் இன்னொரு அறை போட வேண்டும், யாரிடம் பிளான் போடுவது என்று கேட்டார். வரைபடம் போட்ட பொறியாளரின் எண்ணை அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.